முதியோர் இல்லத்தில் மனச்சோர்வை எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். மனச்சோர்வைப் பார்க்க 15 கேள்விகள் கொண்ட ஜிடிஎஸ் (முதியோர் மனச்சோர்வு அளவுகோல்)தான் பயன்படுத்துகிறோம். "வெளியே போவதைவிட உள்ளேயே இருக்கப் பிடிக்கிறதா?" என்று அதில் ஒரு கேள்வி. கேட்டைத் தாண்டவே ஆள் துணை வேண்டிய பாட்டி என்ன சொல்வார்? சும்மா தலையாட்டுகிறார். அதற்கும் மனச்சோர்வுக் கணக்கில் ஒரு மதிப்பெண்!

மறதி நோய் முற்றியவர்களிடம் இது சுத்தமாக எடுபடவில்லை. அவர்களுக்குக் கார்னெல் அளவுகோல் சரி என்கிறார்கள். அதில் 19 அம்சங்கள், பராமரிப்பவரையும் விசாரிக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் பற்றிக் கேட்டால் பகல் ஷிஃப்ட் ஆயா ஒன்று சொல்கிறார், இரவு ஆயா வேறொன்று. யார் பதிலை எடுப்பது? தமிழில் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்.

அப்புறம், காது கேளாதவர்களிடம் எப்படிக் கேட்கிறீர்கள்? பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்க, இதையெல்லாம் சத்தமாகக் கேட்க மனம் வரவில்லை.