‘கர்ட்டெயில்மென்ட்’: மின்வெட்டு வேண்டாம், ‘கொள்மறுப்பு’ சரியா வருமா?

வணக்கம்.

தேவை குறைவு, கம்பியில் இடமில்லை என்று சொல்லி, ஓடக்கூடிய காற்றாலையையும் சூரிய மின் நிலையத்தையும் நிறுத்தவோ குறைக்கவோ வைப்பதை ஆங்கிலத்தில் ‘கர்ட்டெயில்மென்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில், ‘மின்வெட்டு’ என்றே போட்டுவிடலாம், வெட்டு வெட்டுதானே என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். மின்வெட்டு என்றால் வீட்டில் மின்விசிறி நிற்பது. நாம் பேர் தேடுவது காற்றாலை நிற்பதற்கு, அதுவும் காற்று நன்றாக அடிக்கும்போது நிற்பதற்கு. 2012 வாக்கில் தமிழ்நாட்டில் இந்த இரண்டையும் பார்த்தோம்: சென்னைக்கு வெளியே பல மணி நேரம் கரண்ட் இல்லை, அதே காலத்தில் காற்று சீசனில் காற்றாலைக்காரர்களுக்கு ‘நிறுத்து’ என்று உத்தரவும் வந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டு இதை எப்படி எழுதுவீர்கள்?

எதனால் நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தால் சொல் தானாக வரும் என்று நினைக்கிறேன். மின்கட்டமைப்பில் உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்காமல் ஆடிவிடும். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களில் காற்று கொட்டுகிறது, ராத்திரி தேவையோ குறைவு. நிலக்கரி நிலையத்தை அணைத்து அணைத்து ஏற்ற முடியாது. பொதுவாக முழுத் திறனில் 55 சதவீதம் வரைக்கும்தான் இறக்குகிறார்கள். மிச்சத்தைப் பக்கத்து மாநிலத்துக்கு அனுப்பலாம் என்றால் கம்பியில் இடம் வேண்டும். தென்னக மின்கட்டமைப்பே ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்து ஒத்திசைந்தது 2013 டிசம்பர் 31ஆம் தேதிதான். குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும் அல்லவா, அந்த மறுகால் ஓடை குறுகலாக இருந்த கதைதான் இது. (மிகுமின்சாரத்தை வெளியே அனுப்புவதற்கு ‘மறுகால்’ என்றே பேர் வைக்கலாம் என்று எனக்கு ஆசை. அது வேறு இழை, அப்புறம் பேசலாம்.)

‘தணிப்பு’ என்ற சொல்லைத் தங்கை ஒருவர் முன்வைத்திருந்தார். அடுப்பைத் தணித்து வை என்கிறோமே, அந்தத் தணிப்பு. அழகான சொல், எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் அடுப்பைத் தணித்தால் கேஸ் மிச்சம். அனல்மின் நிலையத்தைத் தணித்தால் கரி மிச்சம், நாளைக்கு எரித்துக்கொள்ளலாம். காற்றாலையை நிறுத்தினால் எது மிச்சம்? அந்தக் காற்று கடந்து போய்விட்டது, அவ்வளவுதான். அதனால் ‘தணிப்பு’ நிலக்கரிக்கு இருக்கட்டும், அனல்மின் உற்பத்தியை இறக்குவதை ஆபரேட்டர்கள் ‘பேக் டவுன்’ என்பார்கள், அதற்குச் சரியாகப் பொருந்தும். காற்றுக்கும் சூரியனுக்கும் வேறு சொல் வேண்டும்.

சீனர்கள் இதை ஒளிவுமறைவில்லாமல் ‘கைவிட்ட காற்று’, ‘கைவிட்ட ஒளி’ என்றே சொல்கிறார்கள். 2016இல் அங்கே காற்று மின்சாரத்தில் 17 சதவீதம் இப்படிப் போனது, கான்சு மாகாணத்தில் மட்டும் 43 சதவீதம். ஆலையை மேற்கே கட்டிவிட்டு, கிழக்கே நகரங்களுக்குப் போக வேண்டிய கம்பியைப் பின்னால் இழுத்தால் அப்படித்தான் ஆகும். ஜெர்மன்காரர்களின் சொல்லோ ‘கீழே சீராக்குதல்’ என்கிற மாதிரி, இழப்பே தெரியாது. எனக்குச் சீனச் சொல்தான் நேர்மையாகப் படுகிறது. ஆனால் தமிழில் ‘காற்றாலை கைவிடப்பட்டது’ என்று தலைப்புப் போட்டால் ஆலையையே இடித்துவிட்டார்கள் என்றுதான் வாசகர் நினைப்பார். சுருக்கமாக ‘விடுமின்’ என்று எழுதிப் பார்த்தேன், அது பழந்தமிழ் ஏவல் பன்மை மாதிரி ஒலித்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சரி, என் பரிந்துரை: கொள்மறுப்பு. மின்வாரியம் மின்சாரம் வாங்குவதைக் ‘கொள்முதல்’ என்றுதானே சொல்கிறோம். இருக்கிற மின்சாரத்தைக் கொள்ள மறுப்பது கொள்மறுப்பு. யார் செய்தது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அது முக்கியம். கொள்மறுப்பு வீதம், கொள்மறுப்பு ஆணை, கொள்மறுப்பு இழப்பீடு என்று கிளைக்கவும் செய்யும். 2024இல் கலிபோர்னியாவில் காற்றும் சூரியனும் சேர்ந்து சுமார் 340 கோடி யூனிட் கொள்மறுப்புக்கு ஆளாயின என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியும். பிரிட்டனில் வடக்கிலிருந்து தெற்கே வரக் கம்பி போதாதபோது, ஸ்காட்லாந்துக் காற்றாலைக்கு நிற்கப் பணம், தெற்கே எரிவாயு நிலையத்துக்கு ஓடப் பணம் என்று இரண்டு பக்கமும் கொடுக்கிறார்கள். முதலாவது கொள்மறுப்பு இழப்பீடு.

புணர்ச்சிப்படி ‘கொண்மறுப்பு’ என்று வர வேண்டாமா என்று புலவர் ஐயா கேட்பார், தெரியும். கொள்முதலை யாரும் கொண்முதல் என்று எழுதுவதில்லையே, அதே சலுகை இதற்கும் கிடைக்கட்டும்.

ஒரு ஓட்டையை நானே சொல்லிவிடுகிறேன். சந்தையில் விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும்போது, அதாவது விற்பவரே பணம் கொடுக்க வேண்டியிருக்கும்போது, ஆலைக்காரரே நஷ்டம் வேண்டாமென்று நிறுத்துவார். அங்கே யாரும் மறுக்கவில்லை. அதற்குத் ‘தன்நிறுத்தம்’ என்று தனிச் சொல் வைக்கலாமா, இல்லை இரண்டையும் ஒரே குடைக்குள் கொண்டுவர வேறு நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா? கொள்மறுப்புக்கு மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள். மின்வெட்டிலிருந்து மட்டும் மறுபடி ஆரம்பிக்க வேண்டாம்.