பட்டு நூலும் விமான எஞ்சினும்

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பு. அப்பாவோடு பட்டுக்கூடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தர்மபுரி அங்காடிக்குப் போய் ஏலத்துக்குக் காத்திருந்ததிலேயே என் பள்ளி விடுமுறையில் பாதி போயிருக்கும். அதனால்தான், ஓசூர் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்த புதிதில், விமான எஞ்சின் பூட்டும்போது மூத்தவர் அலமாரியிலிருந்து பட்டு நூல் கண்டை எடுத்ததும் சிரித்துவிட்டேன்.

எஞ்சின் லைகாமிங் ஓ-320. செஸ்னா 172 என்ற சின்ன விமானங்கள் பலவற்றில் இருக்கும். நான்கு சிலிண்டர், இரண்டிரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும். அதன் கிராங்க் கேஸ், அதாவது எஞ்சினின் நடு உடல், இரண்டு பாதி. நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தகடு வைத்தால் அந்தத் தடிமனுக்கு பேரிங் துளைகளின் வட்டம் கெட்டுவிடும். அதனால் விளிம்பில் பசையை மெல்லிசாகத் தடவி, அதன்மேல் பட்டு நூலை ஓட்டி மூடுவார்கள். நூல் எனக்குப் புதிதா என்ன? ஆனாலும் பசைமேல் படுக்க வைக்கும்போது விரலோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தது. மூன்று முறை துடைத்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். சாயங்காலம் போனில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "நம்ம பக்கத்துக் கூடாடா அது?"

சிலிண்டர் நட்டுகள் அடுத்து. பைக் பட்டறையில் பழகிய கை, ஸ்பானரில் இறுக்கம் தெரிந்தால் போதும் என்று நினைக்கும். இங்கே அது செல்லாது. அரை அங்குல நட்டுகளை முதலில் 300 அங்குல-பவுண்டு முறுக்கு, பிறகு அதே வரிசையில் 600. ஒவ்வொன்றையும் முடுக்கிவிட்டு எழுதி வைக்க வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது டேப்பெட்டில். அது புஷ் ராடு என்ற கம்பியைத் தள்ளும், கம்பி ராக்கர் என்ற நெம்புகோலைத் தள்ளும், ராக்கர் வால்வை அமுக்கும். வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உலர் இடைவெளி 0.028 முதல் 0.080 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டரில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சரி, புஷ் ராடுதான் நீளம் என்று முடிவு கட்டி, குட்டையான ராடு கேட்டு ஸ்டோருக்குச் சீட்டும் எழுதிவிட்டேன். மூத்தவர் சீட்டை வாங்கிப் படித்தார்.

"தம்பி, உள்ள எண்ணெய எடுத்தியா?"

"கழுவினேன் அண்ணே."

"எப்போ?"

கழுவியது முந்தின நாள். அப்புறம் துரு பிடிக்கக் கூடாதென்று நானே எண்ணெயில் முக்கி வைத்திருந்தேன். டேப்பெட்டுக்குள் இருக்கும் ஹைட்ராலிக் பிளஞ்சருக்குள் எண்ணெய் நின்றால் அது அமுங்காது, இடைவெளியை விழுங்கிவிடும். உலர் இடைவெளி என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை. ராக்கரையும் ராடையும் கழற்றி, கம்பியை வளைத்து பிளஞ்சரை வெளியே இழுத்து, கரைப்பானில் கழுவிப் போட்டுப் பார்த்தால் 0.045. அதே ராடுதான். சீட்டைக் கிழித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

இந்த எஞ்சினில் டேப்பெட்டுகளைத் தள்ளும் கேம் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே இருக்கும். ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்துவிடும். அதனால் பூட்டும்போதே கேமுக்குத் தனி மசகு பூசியிருந்தோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தமானியில் முள் எழும்பும்வரை எஞ்சினைச் சுற்றியபிறகுதான் ஸ்டார்ட் செய்தோம்.

சோதனை ஓட்டம் முடிந்து ஆறியதும் டார்ச் அடித்து இணைப்பு விளிம்பு முழுக்கப் பார்த்தேன். கசிவு இல்லை. ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

"நூலு எங்கடா? காணோமே" என்றாள்.