சன்னம் (குண்டு) நேராத்தான் போச்சு, பண்டி ஏன் விழயில்ல?

கந்தளாய் வரம்பு

ரைபிள் பிடிச்ச ஆக்கள், வயல் காவலுக்குப் போன ஆக்கள் யாரும் இருந்தா ஒருக்கா வாசிச்சிட்டுச் சொல்லுங்க. ஐம்பது வருசத்துக்கு மேல மண்டைக்குள்ள நிக்கிற விசயம்.

அம்மப்பா திருகோணமலை டொக்யாட்டில வேலை செய்தவர். 1957இல வெள்ளைக்காரன் தளத்தக் குடுத்திட்டுப் போகேக்க ஒரு துரை தன்ட .303 ரைபிள இவருக்கு எழுதிக் குடுத்திட்டுப் போனார் எண்டது வீட்டுக் கதை. தோட்டா முழுக்கப் பழைய படைத் தோட்டா, மார்க் 7. நூறு யார் தூரத்தில பால்மாப் பேணி வைச்சா நடுவில ஓட்டை. பிழைச்சத நான் கண்டதில்ல.

1969, பெரும்போகம், கதிர் முத்துற நேரம். எனக்குப் பதினொரு வயசு, டோர்ச் பிடிக்கிற ஆள் நான்தான். தனியன் காட்டுப்பண்டி ஒண்டு வரம்பில பக்கப்பாட்டா நிண்டது. அறுபது யார் தூரம் கூட வராது. வெடி வைச்சார். பண்டி முதுக ஒருக்காச் சிலிர்த்தது, மழையில நனைஞ்ச நாய் உதறுமே, அப்பிடி. பிறகு என்ட டோர்ச்சத் திரும்பிப் பார்த்தது. பார்த்திட்டு நடந்து போச்சு. ஓடயில்ல. நடந்து போச்சு.

விடியப் போனா வரம்பில ரெண்டு சொட்டு ரத்தம். மூண்டாம் நாள் காகம்தான் காட்டிக் குடுத்தது, வாய்க்காலுக்கு அங்கால கிடந்தது. உள்ள போன ஓட்டையும் வெளிய வந்த ஓட்டையும் ஒரே அளவு. என்ட சின்னி விரலும் போகாது. அம்மப்பா அதுக்குப் பிறகு ரைபிளத் தொடயில்ல. "நான் சரியாத்தான் வைச்சனான்" எண்டு மட்டும் சொல்லுவார். பிழை கையிலயா, ரவையிலயா?

நோர்வே உப்புவெளியான்

ரவையில அண்ணன். நான் அதே பிழைய மற்றப் பக்கத்தால செய்தவன்.

இஞ்ச எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிற ஆள் ஒவ்வொரு வருசமும் சுட்டுக் காட்டவேணும். 100 மீற்றரில அஞ்சு வெடி, அஞ்சும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள்ள. என்ட .308 ரைபிளுக்கு ஒரு 9.7 கிராம் சன்னம் அச்சாவாப் பொருந்திச்சு, அஞ்சு ஓட்டையையும் அஞ்சு ரூபாய்க் குத்தியால மூடலாம். மெல்லிய செப்பு உறை, நுனியில ஈயம், நல்ல வேகம். பெட்டியில எல்க் படமும் இருந்தது. பிறகென்ன?

பேர்ச் மரங்களுக்குள்ள 35 மீற்றரில வந்து நிண்டது. தோளில வைச்சன். முன்னங்கால் தொங்கிச்சு, ஆள் விழயில்ல. ரெண்டாவது வெடிக்கு நான் பட்ட பாட்ட எழுத மனமில்ல. தோல் உரிக்கேக்க தோள் எலும்புக்குக் கீழ என்ட சன்னத்தின்ட உறை கிடந்தது, உள்ள ஒண்டும் இல்ல, கச்சான் கோது மாதிரி. கிட்டத்தில முழு வேகத்தோட எலும்பில பட்டு அங்கயே உடைஞ்சு போச்சு, நெஞ்சுக்குள்ள போகவே இல்ல. எங்கட குழுவுக்குப் பெரிய கிழவன் ஏசயில்ல. அந்தக் கோத என்ட உள்ளங்கையில வைச்சு விரலுகள மடிச்சு விட்டிட்டுப் போனார்.

இப்ப 11.7 கிராம், உறையோட ஈயம் ஒட்டின வகை. குத்தியால மூட ஏலாது, தேத்தண்ணிக் கோப்பையால மூடலாம். காணும். உங்கட அம்மப்பாட ரவை விரியாமப் போச்சு, என்ட ரவை விரிஞ்சு சிதறிப் போச்சு. ரெண்டும் பேணியில நல்லாத்தான் பட்டது.

பத்து வளையம்

நான் உயிருள்ள எதையும் சுட்டதில்லை, கடதாசி மட்டும்தான். .22 ரைபிள், 50 மீற்றர். அந்தக் குறியில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர். அதனால் சிரிக்காமல் கேளுங்கள்.

கொழும்பில் ஒரு போட்டிக்கு முதல் வாரம் பயிற்சித் தோட்டா முடிந்துவிட்டது. கடையில் அதே கம்பனி, அதே நிறப் பெட்டி, வாங்கினேன். போட்டியன்று ஏழாவது வெடி ஒன்பதுக்குப் போனது. கையை நொந்தேன். எட்டாவது பத்து. ஒன்பதாவது மறுபடி அதே இடம், இடப்பக்கம் கீழே, ஒரே ஓட்டையின் மேல் ஓட்டை. கை நடுங்கியிருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் விழுமா? வீட்டுக்கு வந்து பழைய வெற்றுப் பெட்டியைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். உள்மடிப்பில் அச்சடித்திருந்த தொகுதி இலக்கம் வேறு. அன்றிலிருந்து ஒரு தொகுதியில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, குழல் அதை ஏற்றுக்கொண்டால் அந்த இலக்கத்திலேயே முழுவதும் வாங்குகிறேன். அக்கா வீட்டு அலுமாரியில் சாறிகளுக்குக் கீழே கூட வைத்திருந்ததாக அம்மா கதை கட்டுவார், நம்ப வேண்டாம், பாதுகாப்புப் பெட்டியில்தான்.

இன்னொன்று, பெட்டியில் 'அதிவேகம்' என்று போட்டிருந்தால் ஆசைப்பட வேண்டாம். அது ஒலியின் வேகத்துக்கு மேலே கிளம்பி வழியில் கீழே இறங்கும், அந்த இடத்தில் சன்னம் ஆட்டம் காணும். மெதுவானதுதான் எனக்கு நேராகப் போனது.

கோட்டையடி மாஸ்டர்

இப்படியே ஆளுக்கொரு கதை சொன்னால் கேட்டவருக்கு விடை கிடைக்காது. முதலில் கந்தளாய் வரம்புக்கு. மார்க் 7 சன்னத்தை நீங்கள் நினைப்பதுபோல் வெறும் ஊசி என்று எண்ணாதீர்கள். நிறை 174 கிரெயின் (சுமார் 11 கிராம்), வேகம் செக்கனுக்கு 2440 அடி. அதன் முன்பகுதியில் ஈயம் இல்லை, அலுமினியமோ அமுக்கிய நாரோ இருக்கும். பாரம் பின்னால் இருப்பதால் உடலுக்குள் போனதும் குப்புறப் புரளும். ஆகவே நெஞ்சில் பட்டிருந்தால் பன்றி நடந்து போயிருக்காது. மூன்று நாள் உயிரோடு இருந்ததென்றால் பட்டது குடலில். பெரியவரை மதிக்கிறேன், ஆனால் டோர்ச் வெளிச்சத்தில் யாருக்கும் பிழைக்கும்.

இனிப் பொதுவாக, ரைபிள் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு. குறி சுடும் சன்னத்தின் நுனியில் சிறு துளை இருக்கும், அதைப் பார்த்து 'விரியும்' என்று ஏமாறாதீர்கள். செப்பு உறையை அடியிலிருந்து நுனிநோக்கி இழுத்து மூடும்போது மிஞ்சும் துளை அது. அடிப்பாகம் ஒரே சீராக வருவதற்காக அப்படிச் செய்கிறார்கள், ஏனென்றால் சன்னம் குழலை விட்டு வெளியேறும் கணத்தில் நேராகப் போவதா என்பதை அடிதான் தீர்மானிக்கிறது. சன்னம் செய்யும் சியரா கம்பனி தன்னுடைய மேட்ச்கிங் சன்னத்தை வேட்டைக்குப் பாவிக்க வேண்டாம் என்று தானே சொல்கிறது. உடலுக்குள் அது ஒரு நாள் சிதறும், ஒரு நாள் விரியாமலே போகும்.

வேட்டைச் சன்னத்தில் உறை நுனியில் மெல்லிசு, போகப்போகத் தடிப்பு. ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் 1946இல் கனடாவில் ஒரு மூஸை (எல்க்தான்) விழுத்த முடியாமல் திண்டாடிய பிறகுதான் நடுவில் செப்புச் சுவர் வைத்த சன்னத்தைச் செய்தார். 1948இல் அதை விற்கத் தொடங்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். முழுச் செம்பிலும் வருகிறது. ஆனால் செம்பு ஈயத்தைவிடப் பாரம் குறைவு, அதே நிறைக்குச் சன்னம் நீளமாகும், நீளமான சன்னத்துக்குக் குழலின் புரி (உள்ளே சுழன்று போகும் வெட்டு) இறுக்கமாக இருக்க வேண்டும். புரி தெரியாமல் சன்னம் வாங்குவது காலளவு தெரியாமல் செருப்பு வாங்குவது. மூன்று வெடி வைத்துவிட்டு 'குழல் பிடித்துவிட்டது' என்று துள்ளுவதும் வேண்டாம், பத்து வெடியாவது வையுங்கள்.

விரியும் சன்னத்தைப் போரில் பாவிக்கக்கூடாது என்று 1899இல் ஹேக் நகரில் தீர்மானித்தார்கள், கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் தொழிற்சாலை செய்த விரியும் சன்னத்தால் வந்த சண்டை அது. பெரிய வேட்டை மிருகத்துக்கு விரியாததைப் பாவிக்கக்கூடாது என்று நோர்வேயில் சட்டம். இரண்டையும் சேர்த்து யோசியுங்கள்.

என் அனுபவமா? நிலாவெளிக்கு நேரே புறாமலைத் தீவை வெள்ளைக்காரர் காலத்தில் சுடுகளமாக வைத்திருந்தார்கள் அல்லவா, சின்ன வயதில் வள்ளத்தில் போனபோது அங்கே மணலில் பச்சை பிடித்த சன்னம் ஒன்று எடுத்தேன். அவ்வளவுதான்.

நோர்வே உப்புவெளியான்

மாஸ்டர், வெளிய வந்த ஓட்டையும் சின்னது எண்டு அண்ணன் எழுதினத வாசிச்சீங்களா? புரண்டிருந்தா அது பெரிசா இருந்திருக்கும். உங்கட மார்க் 7 புரள முதலே மற்றப் பக்கத்தால போயிட்டுது. புரளும், ஆனா எப்ப புரளும் எண்டு ஒவ்வொரு வெடிக்கும் சொல்ல ஏலாது. அதத்தான் நம்பி வைக்க ஏலாது எண்டுறம்.

கிண்ணியா நானா

நீங்க ரைபிள், புரி எண்டு பேசிட்டு இரிக்கிறீங்க. எங்களுக்கு வாப்பாட பன்னெண்டு போர் ஒத்தைக்குழல் துவக்கு, பயிர்க் காவலுக்கு லைசன்ஸ். தோட்டா எஸ்ஜி (உள்ள பெரிய ஈயக் குண்டுகள்), அதுவும் கடதாசித் தோட்டா. நாங்க பண்டிய திங்கப் போறதும் இல்ல, வயல விட்டுப் போனாச் சரி.

மாரியில ஒரு ராவு பரணில இரிந்தம். தோட்டா வாப்பாட சட்டைப் பையில நனைஞ்சு ஊதிட்டு. உள்ள தள்ளினா பாதி போகுது, மிச்சம் போகுதில்ல. துவக்க மூட ஏலா. கீழ பண்டி, கதிர் மெல்லுற சத்தம் சறுக் சறுக் எண்டு. வாப்பா தோட்டாவ வாயில வைச்சு ஈரத்த உறிஞ்சிப் பார்த்தாரு. விடியும் வரைக்கும் அந்தச் சத்தத்தக் கேட்டுட்டே இரிந்தம். அரை ஏக்கர் போச்சு. ரவை தெரிவு செய்யிறது எண்டா எனக்கு அதுதான் ஞாபகம். காய்ஞ்ச ரவையா எண்டு முதல்ல பாருங்க.

கந்தளாய் வரம்பு

மாஸ்டர், மூண்டாம் நாள் கண்டம் எண்டுதான் எழுதினன், மூண்டாம் நாள் செத்தது எண்டு எழுதயில்ல. நாங்க காணேக்க வயிறு ஊதி வெடிக்கிற பதம். அந்த ராவே செத்திருக்கும். ஓட்டை முன்னங்காலுக்குப் பின்னால, நெஞ்சு மட்டத்தில. குடலாம்.

ஒண்டு எழுத மறந்திட்டன். பண்டிக்குப் பின்னால பாலை மரம் ஒண்டு நிண்டது. நானும் மாமாவும் உளி கொண்டு போய் அந்தச் சன்னத்த எடுத்தம். நுனி கூட மழுங்கயில்ல. பக்கத்தில குழல் கீறின அஞ்சு கீறல், இடப்பக்கம் சாய்ஞ்சு. துடைச்சிட்டுத் திரும்பத் தோட்டாவுக்குள்ள வைக்கலாம் போல இருந்தது. அம்மப்பா அத விரலுக்கு இடையில உருட்டி உருட்டிப் பார்த்திட்டு மேசை லாச்சிக்குள்ள போட்டார். 71இல துவக்கப் பொலிசில குடுத்தது, திரும்பி வரயில்ல. சன்னம் மட்டும் லாச்சிக்குள்ள கிடந்தது.

90இல சுற்றிவளைப்பு எண்டு சனம் சொல்லிக்கொண்டு ஓடேக்க அம்மா லாச்சியக் கிண்டி அத எடுத்துக் கிணத்துக்குள்ள போட்டா. ஒரு சன்னத்துக்கு அப்ப என்ன விளக்கம் சொல்லுறது? கிணறு இப்பவும் இருக்கு. போன மாசம் இறைச்சுச் சேறு அள்ளினவங்கள், வாளி வாளியா நானே கையால அளைஞ்சு பார்த்தன். அம்மாட வெத்திலைச் சுண்ணாம்புக் கரண்டகம்தான் வந்தது.