ஃபைல் பெயர் நீளம் என்று காப்பி ஆக மறுக்கிறது, ஃபோல்டரை அழிக்கவும் விடவில்லை. உதவி தேவை

மைவிரல்:
வணக்கம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் சின்ன அச்சகத்தில் டிசைன் வேலை பார்க்கிறேன். கடை கம்ப்யூட்டர் விண்டோஸ் 10. எங்கள் முதலாளி ஃபைலுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பார், அதிலும் மாப்பிள்ளை, பெண், ஊர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் போட்டு கடைசியில் "மூன்றாம் திருத்தம் இறுதி புதியது" என்று முடிப்பார், பத்திரிகையைத் திறக்கவே வேண்டாம். பழைய ஆர்டர்களை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றச் சொன்னார். பாதி ஏறுகிறது, பாதிக்குப் பாதை நீளம் என்று சொல்லி ஸ்கிப் பண்ணவா என்று கேட்கிறது. ஒரு ஃபோல்டரை அழிக்கவே முடியவில்லை. இதைவிடக் குழப்பம், டிஸ்கில் ஒழுங்காக ஏறிய ஃபைல்களில் சில, பின்னறையில் இருக்கும் லினக்ஸ் பேக்கப் பெட்டிக்குப் போக மாட்டேன் என்கின்றன. அங்கே ஒரே ஒரு ஃபோல்டருக்குள்தான் போடுகிறேன். எழுத்தை எண்ணினால் அறுபது, எழுபதுதான் வருகிறது.

ரெண்டாயிரம்_மாடல்:
எல்லாவற்றையும் ஜிப் பண்ணித் தூக்கிப் போடுங்கள், முடிந்தது.

பழைய_டாஸ்:
ஜிப்புக்குள்ளும் அதே பெயர்தானே போகும்? விரிக்கும்போது அதே இடத்தில் நிற்கும்.

தம்பி, உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. முதலாவதை நான் சொல்கிறேன். விண்டோஸில் டிரைவ் எழுத்திலிருந்து கடைசி எக்ஸ்டென்ஷன் வரை மொத்தப் பாதைக்கும் 260 எழுத்துக்குறி என்று ஒரு பழைய வரம்பு உண்டு, கண்ணுக்குத் தெரியாத முடிவுக்குறி ஒன்று போக 259. ஃபோல்டருக்கு இன்னும் குறைவு, உள்ளே டாஸ் காலத்து 8.3 பெயர் (எட்டு எழுத்துப் பெயர், புள்ளி, மூன்று எழுத்து எக்ஸ்டென்ஷன்) ஒன்றுக்காவது இடம் வேண்டும் என்று 12 கழித்து 248. ஆனால் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான என்டிஎஃப்எஸ் சுமார் 32,767 வரை தாங்கும். அதனால்தான் மேலே உள்ள ஃபோல்டரின் பெயரை யாராவது நீட்டினால் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும், அடியில் இருக்கும் ஃபைல்கள் எல்லாம் வரம்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும். வெளி டிஸ்கில் "பேக்கப்", அதற்குள் "கடை கம்ப்யூட்டர்", அதற்குள் "டெஸ்க்டாப்" என்று போட்டிருந்தாலும் இதே கதைதான்.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில், நீளப் பாதையை அனுமதிக்கும் லாங்பாத்ஸ்எனேபிள்டு என்பதை 1 ஆக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். 2016இல் வந்த 1607 பதிப்பிலிருந்து அது உண்டு, ஆனால் அதை மதிக்கும்படி எழுதிய மென்பொருளுக்குத்தான் பலன். நீங்கள் ஃபோல்டரைத் திறந்து காப்பி பண்ணும் எக்ஸ்புளோரரை நம்பி அதில் இறங்காதீர்கள். ரோபோகாப்பி என்ற காப்பி கமாண்ட் விண்டோஸிலேயே இருக்கிறது, நீளப் பாதையை அது தானாகவே சமாளிக்கும். அழியாத ஃபோல்டருக்கும் அதுதான் மருந்து: காலியாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதை மூலமாகவும் அழியாததை இலக்காகவும் கொடுத்து இலக்கை மூலம் மாதிரியே ஆக்கும் மிர் சுவிட்சோடு (/MIR) ஓட்டினால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும். இலக்கு எது என்று என்டர் தட்டும் முன் இன்னொரு முறை படியுங்கள், தப்பான ஃபோல்டரைக் கொடுத்தால் அதுவும் கேள்வி கேட்காமல் துடைத்துவிடும், ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது.

மைவிரல்:
நன்றி அண்ணே, ரோபோகாப்பியில் எல்லாம் ஏறிவிட்டது, அந்த ஃபோல்டரும் ஒழிந்தது. லினக்ஸ் பெட்டிதான் இன்னும் அடம் பிடிக்கிறது.

பெங்குவின்_பித்தன்:
அங்கே கணக்கே வேறு. லினக்ஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 போன்ற முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் என்பதுதான் வரம்பு, எழுத்து அல்ல. எழுத்தை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று. அதோடு மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீடு: "தி" என்றால் த ஒன்று, கொக்கி ஒன்று, "ழ்" என்றால் புள்ளி தனி. "திருமண அழைப்பிதழ்" என்பதை எடுங்கள். கண்ணுக்குப் பத்து எழுத்து. விண்டோஸ் இடைவெளியோடு சேர்த்து 17 என்று எண்ணும். லினக்ஸில் 49 பைட். உங்கள் அறுபது எழுத்துப் பெயர் சுலபமாக 255ஐத் தாண்டிவிடும். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறியீடு வரை போகலாம் என்பதால் அங்கே சத்தமே வராது. பெட்டியில் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்து (ரகசியக் குறியாக்கிப் பூட்டி) வைத்திருந்தால் வரம்பு இன்னும் சுருங்கும், அதையும் பாருங்கள்.

மாட்டுவது எவை என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி. கமாண்ட் பிராம்ட்டில், பட்டியலிடும் கமாண்டான டிர் கொடுத்து பெயர்ப் பட்டியலை டெக்ஸ்ட் ஃபைலில் இறக்கினால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வரும். பதறாதீர்கள், விண்டோஸ் ஃபைல் பெயரில் கேள்விக்குறிக்கு அனுமதியே இல்லை, ஆகவே அங்கே இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தமிழ்க் குறியீடுதான். பட்டியலை எக்ஸெலில் ஒட்டி, பெயரின் நீளத்தோடு கேள்விக்குறி எண்ணிக்கையின் இரண்டு மடங்கைக் கூட்டினால் பைட் கணக்கு வந்துவிடும். 255க்கு மேல் இருப்பதை மட்டும் மாற்றினால் போதும்.

பழைய_டாஸ்:
பெயர் மாற்றும்போது ஒன்று. பேஜ்மேக்கர், இன்டிசைன் ஃபைல்களில் லிங்க் செய்த படங்களின் பெயரைத் தொடாதீர்கள், திறக்கும்போது படத்தைக் காணோம் என்று நிற்கும். பத்திரிகை ஃபைலின் பெயரை மட்டும் குறையுங்கள். தேதியும் பில் நம்பரும் போதும், மண்டபமும் முகூர்த்தமும் ஒரு எக்ஸெல் ஷீட்டில் இருக்கட்டும்.

மைவிரல்:
பட்டியல் எடுத்தாயிற்று, முக்கால்வாசி "மூன்றாம் திருத்தம்" வகையறாதான். பில் நம்பர் யோசனைக்கு முதலாளி சம்மதித்துவிட்டார், ஆனால் மாப்பிள்ளை பெயர் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டுமாம்.

பெங்குவின்_பித்தன்:
இனிஷியலோடு ஒரு பெயர்தானே, இருக்கட்டும்.