காவடியும் எடுப்பேன், மானியமும் வேண்டாம் என்பேன்

வேல்நிரலன்:

அறிமுகத் திரியில் என்னைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தேன்: மொரிஷியஸில் காத்ர் போர்ன்காரன், எபென் தொழில்நுட்ப நகரில் நிரல் எழுதுபவன், முருக பக்தன், லிபர்டேரியன் (அரசின் தலையீடு முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்பவன்). உடனே ஒருவர் கேட்டார்: "தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை வேண்டும், கோவிலுக்கு அரசு மானியம் வேண்டும், அரசு மட்டும் வேண்டாமா?" நியாயமான கேள்விதான். அங்கே பதில் சொன்னால் புதிதாக வருகிறவர்களின் வணக்கங்கள் எல்லாம் அடியில் போய்விடும், அதனால் தனித் திரி.

நிரல், பக்தி, கொள்கை, எனக்கு மூன்றும் ஒரே குணம். பத்து நாள் விரதம் இருந்து கோர் தெ கார்த் மலைக்கோவிலுக்குக் காவடி தூக்கும்படி எந்தச் சட்டமும் என்னிடம் சொல்லவில்லை. யார், எவர் என்று கேட்காமல் வாழை இலை போட்டு ஏழு கறி பரிமாறும்படியும் யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று விடப்படும் கட்டற்ற மென்பொருளும் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் அநேகமாக உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும். அதன் மூலநிரலைத் திறந்து பாருங்கள். உரிமம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆசி இருக்கும்: நல்லது செய்யுங்கள், மன்னியுங்கள், கொடுப்பதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று. அதை எழுதிய ரிச்சர்ட் ஹிப் கிறிஸ்தவர். நடத்தை விதிகள் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, துறவி பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் தன் மடத்துக்கு எழுதிய விதிகளையே எடுத்துப் போட்டார். 2018-ல் அது இணையத்தில் பெரிய சண்டையானது. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதி இலவசமாகக் கொடுத்த டொனால்ட் குனூத் லூத்தரன் சபைக்காரர். இவர்கள் கும்பிடும் சாமி வேறு, ஆனால் அந்த மனசு எனக்குப் புரிகிறது.

இனி சண்டைக்குரிய விஷயம். மொரிஷியஸ் அரசு மதங்களுக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள தலைகளை எண்ணிப் பணம் கொடுக்கிறது. நம் கோவில்கள் அதை வாங்காமல் இருக்க வேண்டும் என்கிறேன். முருகனை நம்பாதவனின் வரியில் முருகனுக்கு அபிஷேகம் எதற்கு? அப்புறம், கொடுக்கிற கை ஒருநாள் கழுத்தையும் பிடிக்கும். 2021-ல் தகவல் தொழில்நுட்ப ஆணையம் என்ன முன்மொழிந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நாட்டின் சமூக ஊடகப் போக்குவரத்து முழுவதையும் ஒரு ப்ராக்ஸி சர்வர் (நடுவில் நிற்கும் கணினி) வழியாகத் திருப்பி, பூட்டை உடைத்துப் படித்து, சேமித்து வைப்பார்களாம். மொசில்லாவும் கூகுளும் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதின. 2024 நவம்பரில் தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு சமூக ஊடகத்தையே மூடினார்கள். ஊர் கொதித்த பிறகுதான் திறந்தார்கள்.

ரோஸ்ஹில் டீச்சர்:

தம்பி, நான் அரசுச் சம்பளத்தில் தமிழ் சொல்லித் தருபவள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம்.

இந்தத் தீவில் நம் வீட்டுப் பிள்ளைகள் பேசுவது கிரியோல். தமிழ் எழுத்து அவர்கள் கண்ணில் படுவதே பள்ளி நேர அட்டவணையில் அது இருப்பதால்தான். விருப்பம் உள்ளவர்கள் தனியாகக் காசு கொடுத்துப் படிக்கட்டும் என்று விட்டிருந்தால், நீங்கள் இப்போது எழுதியிருப்பதைப் படிக்க இங்கே எத்தனை பேர் இருப்பார்கள்? 1977-ல் இடைநிலைக் கல்வி இலவசமாகாமல் இருந்திருந்தால் உங்கள் குடும்பத்தில் நிரல் எழுத ஒருவர் வந்திருப்பாரா என்பதையும் யோசியுங்கள்.

இன்னொன்று. 1998-ல் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளினார்கள். நம் ஆட்கள் தெருவுக்கு வந்தார்கள். நோட்டைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சிட்டார்கள். அரசே வேண்டாம் என்பவருக்கு அந்தப் போராட்டம் வெட்டி வேலையாகத்தானே தெரிய வேண்டும்?

வேல்நிரலன்:

வெட்டி வேலை இல்லை டீச்சர். ஆனால் அந்தச் சண்டை ஏன் வந்தது? பணம் அடிக்கும் உரிமை ஒரே கையில் இருந்ததால். எந்த எழுத்து மேலே, எந்த எழுத்து கீழே என்பதை ஒரே அலுவலகம் முடிவு செய்யும்போது ஒருவர் மேலே போக இன்னொருவர் கீழே போய்த்தான் ஆக வேண்டும். பொருளாதார அறிஞர் ஹாயெக் 1976-லேயே எழுதினார், பணத்தை அரசின் ஏகபோகத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று. எந்த அரசும் அடிக்காத இணையப் பணமான பிட்காயினில் தமிழுக்கும் இந்திக்கும் வரிசைச் சண்டை இல்லை.

எபென்வாசி:

பிட்காயினில் தமிழே இல்லையே, சண்டை எங்கிருந்து வரும்?

நான் சென்னையிலிருந்து வேலை அனுமதி வாங்கி இங்கே வந்தவன், வேல்நிரலனின் பக்கத்துக் கட்டடம். இவர் கோடு நன்றாக இருக்கும், கொள்கைதான் கம்பைல் ஆகாது. சில விஷயங்கள்.

கட்டற்ற மென்பொருள் அரசு இல்லாமல் நிற்கிறது என்பது பாதி உண்மைகூட இல்லை. மாற்றி வெளியிடுபவரும் நிரலைத் திறந்தே தர வேண்டும் என்கிற ஜிபிஎல் உரிமம் பதிப்புரிமைச் சட்டத்தின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. 2004-ல் மியூனிக் நீதிமன்றம் ஜிபிஎல் செல்லும் என்று ஒரு நிறுவனத்துக்கு எதிராக உத்தரவு போட்டபோதுதான் பலருக்கு அந்த உரிமத்தின் மேல் நம்பிக்கையே வந்தது. கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தை 1983-ல் அறிவித்த ஸ்டால்மன் உங்கள் கட்சி இல்லை, ஏழைகளுக்கு அரசு உதவ வேண்டும் என்று பேசுகிற ஆள். இணையம் அமெரிக்க ராணுவப் பணத்தில் பிறந்தது. வலையை (www) 1993-ல் உலகுக்கு இலவசமாக விட்டது செர்ன், அது பல அரசுகள் சேர்ந்து நடத்தும் ஆய்வகம்.

நீங்கள் கொண்டாடும் எஸ்கியூலைட்டும் சரி. ஆசி மட்டும் போதாது என்று பயப்படும் கம்பெனிகளுக்கு அவர்களே ஓர் உரிமப் பத்திரம் விற்கிறார்கள். சாமி கும்பிட்டாலும் பட்டா வேண்டுமாம்.

கடைசியாக எங்கள் ஊர்க் கதை. ராஜாஜியைத் தமிழ்நாட்டு லிபர்டேரியன்கள் தாத்தா என்பார்கள். 1959-ல் சுதந்திராக் கட்சி, தொழில் செய்ய அரசு அனுமதி கேட்கும் லைசன்ஸ் பர்மிட் ராஜ்யத்துக்கு எதிர்ப்பு, பக்தி, எல்லாம் உண்டு. அதே ராஜாஜி முதல்வராக இருந்தபோது மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தார். 1939-ல், ஒதுக்கப்பட்ட சாதியினருக்கான கோவில் நுழைவுச் சட்டமும் கொண்டுவந்தார். அரசு விலகி நின்றிருந்தால் மீனாட்சி கோவிலுக்குள் யார் போயிருப்பார்கள்?

வேல்நிரலன்:

வரிசையை மாற்றிச் சொல்கிறீர்கள். 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரையில் உள்ளே போய்விட்டார்கள். சட்டம் அதற்குப் பிறகு வந்தது. முதலில் தைரியம், பிறகு காகிதம்.

ஸ்டால்மன் என் கட்சி இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் எழுதிய கம்பைலரை (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளை) பயன்படுத்த அவருக்கு ஓட்டுப் போட வேண்டியதில்லை, அதுதான் அதன் அழகு.

எபென்வாசி:

அந்தக் காகிதம் எதற்கு வந்தது? உள்ளே போனவர்கள் மேலும், விட்ட கோவில் நிர்வாகிகள் மேலும் வழக்குப் பாயாமல் இருக்க. தைரியசாலியைச் சிறையிலிருந்து காப்பாற்றியதே அந்தக் காகிதம்தான்.

ரெயூனியன் தம்பி:

பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து ஒரு குரல். வேல்நிரலன் அண்ணன் கேட்கும் உலகத்தில் நாங்கள் ஏற்கெனவே வாழ்கிறோம். பிரான்சின் 1905 சட்டப்படி அரசு எந்த மதத்துக்கும் சம்பளமும் தராது, மானியமும் தராது. கோவில்களைச் சங்கங்கள் நடத்துகின்றன, பக்தர்கள் பணம் போடுகிறார்கள். செந்தாந்த்ரேயில் வந்து பாருங்கள், கோபுரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் காவடிக்கு எங்களுக்கு விடுமுறை கிடையாது. முதலாளியிடம் கேட்டு லீவ் போட வேண்டும். தமிழ் தெரிந்த ஆளும் உங்களைவிடக் குறைவு. டீச்சர் சொன்னது இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

உங்களுக்கு வேண்டாத மானியத்தை இந்தப் பக்கம் அனுப்பினால் மறுக்க மாட்டோம்.

பழைய டிக்கெட்:

வயதானவன், சுருக்கமாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லிபர்டேரியன் தம்பிகள் எல்லாரும் சொல்வது ஒன்று: இரண்டு பேர் விரும்பி ஒப்பந்தம் போட்டால் மூன்றாமவன் குறுக்கே வரக் கூடாது. இந்தத் தீவில், நம் ஆட்களுக்கு நடுவே நின்று அதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. 1834-லிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியாவிலிருந்து இங்கே இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒப்பந்தம் இருந்தது. பெருவிரல் வைத்துச் 'சம்மதம்' என்று எழுதிய ஒப்பந்தம். பசியில் இருந்தவனுக்கு, மொழி தெரியாதவனுக்கு, கடல் தாண்டிய பிறகு திரும்பக் கப்பல் இல்லாதவனுக்கு அது என்ன சம்மதம்? ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. அதுவும் ஒப்பந்தத்தின் பெயரால்தான். பிரிட்டிஷ்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'மகத்தான பரிசோதனை'. அடிமைக்குப் பதில் சுதந்திரத் தொழிலாளி என்று உலகத்துக்குக் காட்ட.

அவர்கள் வந்திறங்கிய 'அப்ரவாசி காட்' துறையின் படிகளில் போய் நின்றுகொண்டு, கட்டாயம் இல்லாததெல்லாம் நல்லது என்று சொல்லிப் பாருங்கள்.

வேல்நிரலன்:

ஐயா, உங்கள் பெயரே எனக்குச் சாட்சி. அந்த டிக்கெட்டை யார் கொடுத்தார்கள்? ஒப்பந்தம் முடிந்து விடுதலையான பழைய குடியேறிகளை, 1867 சட்டப்படி புகைப்படம் ஒட்டிய சீட்டைச் சுமக்க வைத்தது யார்? சீட்டு இல்லாமல் பக்கத்து மாவட்டத்துக்குப் போனால் நாடோடி என்று பிடித்து உள்ளே தள்ளியது யார்? தோட்ட முதலாளி தனியாக ஒருவனைப் பிடித்து வைத்திருக்க முடியாது. போலீசும் மாஜிஸ்திரேட்டும் வேண்டும். வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கியது சட்டம். ஒப்பந்தத்திலிருந்து வெளியேற முடியாது என்றால் அது ஒப்பந்தமே இல்லை, அதைத்தான் நாங்கள் சொல்கிறோம்.

அதே வழக்கம் இன்றும் போகவில்லை. 2013-ல் கைரேகையோடு புதிய அடையாள அட்டை. 2015-ல் உச்ச நீதிமன்றம், ரேகை எடுக்கலாம், மொத்தமாகச் சேமித்து வைக்கக் கூடாது என்றது. 2021-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு, போதிய பாதுகாப்பில்லாமல் அந்த அட்டையில் ரேகையை வைப்பது தனியுரிமை மீறல் என்றது. தாத்தா காலத்தில் புகைப்படம், நம் காலத்தில் ரேகை.

பழைய டிக்கெட்:

நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதிய சபையில் உட்கார்ந்திருந்தது யார்? கரும்புத் தோட்ட முதலாளிகள். பணம் உள்ளவன் அரசை வாங்கினான். அரசைச் சின்னதாக்கினால் அவன் இன்னும் மலிவாக வாங்குவான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அதை உடைத்தது எப்படி? 1871-ல், குடியேறிகளுக்காகக் குரல் கொடுத்த தெ பிளெவிட்ஸ் 9,401 பழைய குடியேறிகளின் கையெழுத்தோடு மனுக் கொடுத்தார். தோட்ட முதலாளிகள் அவரைத் தெருவில் வைத்து அடித்தார்கள். அந்த மனுவால்தான் லண்டனிலிருந்து அரச விசாரணைக் குழு வந்தது. மக்களும் எழுந்தார்கள், மேலே ஓர் அரசும் கேட்டது. இரண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் நீயும் நானும் இன்னும் வயலில் இருந்திருப்போம்.

கமிட்டிக்காரர்:

தத்துவம் எல்லாம் சரி. நான் பதினைந்து வருடமாகக் கோவில் கணக்குப் பார்ப்பவன், எனக்கு மாதா மாதம் மின்கட்டணம் வருகிறது. மானியத்தை விட்டால் குருக்கள் சம்பளம் யார் கொடுப்பது? தமிழ்நாட்டிலிருந்து குருக்களை வரவழைக்க விசாவுக்கு நான் எந்த அலுவலகத்துக்குப் போய் நிற்பது?

அப்புறம் ஒரு புராணம். பஞ்சகாலத்தில் திருவீழிமிழலையில் சிவபெருமான் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு படியாகக் கொடுத்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நாயன்மார்களே படிக்காசு வாங்கி அடியார்களுக்குச் சோறு போட்டார்கள். வாங்குவதில் என்ன கேவலம்?

வேல்நிரலன்:

கதையை முழுக்கச் சொல்லுங்கள் ஐயா. சம்பந்தர் காசுக்குக் கடைத்தெருவில் வட்டம் (கழிவு) பிடித்தார்கள், அப்பர் காசு அப்படியே செல்லுபடியானது, ஏனென்றால் அப்பர் உழவாரம் பிடித்து உடம்பால் வேலை செய்தார். அதோடு அது இறைவன் காசு, அடுத்தவன் சம்பளத்தில் பிடித்த வரி இல்லை. பல்லவ மன்னன் ஆள் அனுப்பியபோது 'வர மாட்டேன்' என்றவரும் அதே அப்பர்தான்.

விசா பற்றி: அது இருப்பதே என் புகார், நீங்கள் அதை எனக்கு எதிராகக் காட்டுகிறீர்களே!

ரோஸ்ஹில் டீச்சர்:

புகார் சொன்னால் குருக்கள் விமானம் ஏற மாட்டார், தம்பி.

கமிட்டிக்காரர்:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சரி, ஒரு வழி. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வா. ஆனால் வெறும் கையோடு வராதே. மானியத் தொகைக்கு ஈடாக, வருடா வருடம் தருவோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பட்டியலோடு வா. பட்டியல் நிறைந்தால் நானே முன்மொழிகிறேன். நிறையாவிட்டால் இந்தத் திரியை மூடிவிடு.

வேல்நிரலன்:

ஒப்பந்தம். உறுதிமொழிப் பக்கத்தை நானே எழுதுகிறேன், எஸ்கியூலைட்தான். மூலநிரலையும் திறந்து வைப்பேன், எந்தச் சங்கமும் எடுத்துக்கொள்ளலாம், ரெயூனியன்காரர்களும்தான்.

எபென்வாசி:

ஜிபிஎல் போடுவீர்களா, பொதுச்சொத்தாக விடுவீர்களா? ஜிபிஎல் என்றால் நான் முதல் பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புகிறேன். பொதுச்சொத்து என்றால் நாளைக்கே ஒரு கம்பெனி எடுத்து, பேரை மாற்றி, கோவில்களுக்கே விற்கும்.

பழைய டிக்கெட்:

என் பெயரைப் பட்டியலில் போடு. ஆனால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒரு பொத்தானும் வை.