வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கிறது. பதற்றத்துக்கு நடைதான் மருந்து என்கிறார்கள்

நூற்பாலைக்காரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மாதம் பிறந்தால் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி வரிக்கணக்குத் தாக்கலின் கெடு துரத்திக்கொண்டே இருக்கும் வேலை. சென்ற ஆண்டிலிருந்து திடீர் திடீரென நெஞ்சு படபடப்பதும், விரல் நுனிகள் மரத்துப்போவதும், மயங்கி விழப்போகிறேன் என்ற அச்சம் எழுவதுமாக இருக்கிறது. இசிஜி, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாயிற்று. குறை ஒன்றும் இல்லை. மனநல மருத்துவர் இதைப் பேனிக் கோளாறு (திடீர் அச்சத் தாக்குதல் திரும்பத் திரும்ப வரும் நோய்) என்று கூறி மாத்திரை எழுதித் தந்தார். நாள்தோறும் சற்று வேகமாக நடக்கும்படியும் சொன்னார்.

சிக்கல் அந்த நடையில்தான். ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் கொஞ்ச தூரம் வேகமாக நடப்பதற்குள் கைக்கடிகாரம் நாடித்துடிப்பை 130 என்று காட்டுகிறது. அந்த எண்ணைக் கண்டதுமே பழைய அச்சம் பற்றிக்கொள்கிறது. உடனே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன், உட்கார்ந்ததும் தலை சுற்றுகிறது. எல்லோருக்கும் பதற்றத்தைத் தணிக்கும் பயிற்சி எனக்கு மட்டும் அதைக் கிளப்பிவிடுவது ஏன்? இதைத் தொடரலாமா? என் கணவர், நடையெல்லாம் வேண்டாம், வீட்டிலேயே பிராணாயாமம் செய்தால் போதும் என்கிறார்.

வார்டு செவிலி:

சகோதரி, மனநலப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் நேர்வது அல்ல இது. பேனிக் உள்ளவர்களில் பலர் முதல் சில வாரங்களில் இதையே சொல்வார்கள். நடக்கும்போது இதயம் வேகமெடுப்பதும், மூச்சு வாங்குவதும், வியர்ப்பதும் பேனிக் தாக்கும்போது உடலில் தோன்றும் அதே மாற்றங்கள்தாம். உங்கள் மனம் சென்ற ஓராண்டாக அந்தப் படபடப்பை ஆபத்தின் அறிகுறியாகவே படித்துப் பழகியிருப்பதால், அது மாடிப்படியில் வந்தாலும் நடைபாதையில் வந்தாலும் ஒரே பொருளைத்தான் கொள்கிறது. வேகநடை உங்களுக்கு மருந்தாவதும் இதே காரணத்தால்தான். படபடப்பு வரும், உச்சத்துக்குப் போகும், நடையைத் தளர்த்தியதும் தானாக இறங்கும் என்பதை உடல் திரும்பத் திரும்பக் கண்டால்தான் அந்தப் பாடம் மாறும். அறிவுரையால் மட்டும் மாறாது.

அந்த 130 என்ற எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 220-இலிருந்து வயதைக் கழித்தால் கிடைப்பது உங்கள் இதயத் துடிப்பின் உச்ச அளவுக்கு ஒரு தோராய மதிப்பு; உங்களுக்கு அது 182. மிதமான உடற்பயிற்சி என்பது அதில் 64 முதல் 76 விழுக்காடு வரை, அதாவது ஏறத்தாழ 116 முதல் 138 வரை. நீங்கள் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். டிரெட்மில் பரிசோதனையில் வழக்கமாக 85 விழுக்காடு, உங்கள் வயதுக்கு ஏறத்தாழ 155 வரை, துடிப்பை ஏற்றிப் பார்ப்பார்கள். மருத்துவர் கண்ணெதிரே அவ்வளவைத் தாங்கிய இதயம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

உட்கார்ந்ததும் தலை சுற்றுவதற்கு எளிய காரணம் உண்டு. நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென நின்றுவிட்டால் இரத்தம் கால்களில் தங்கி, தலைக்குச் செல்வது சிறிது குறையும். ஆகவே அச்சம் வந்தாலும் உட்காராதீர்கள். வேகத்தை மட்டும் குறைத்துச் சில நிமிடங்கள் மெல்ல நடந்துகொண்டே இருங்கள். முதல் வாரம் சாதாரண நடைக்கு நடுவே ஒரு நிமிடம் மட்டும் வேகநடை போதும். அது பழகியபின் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று கூட்டுங்கள். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அடிக்கடி நாடியைப் பார்ப்பது அந்த நொடிக்கு ஆறுதல் தந்தாலும், உள்ளே இருக்கும் அச்சத்துக்கு அதுவே தீனி. ஆனால் நடக்கும்போது நெஞ்சில் அழுத்தும் வலி வந்தாலோ, உண்மையிலேயே நினைவு தப்பினாலோ, பேனிக் என்று ஒதுக்கிவிடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஆய்வுப்பிரியன்:

மேலே செவிலி அம்மா சொன்னதற்கு வலுச் சேர்க்கும் ஒரு பழைய ஆய்வு உண்டு. 1967-இல் பேனிக் போன்ற பதற்றம் உள்ளவர்களுக்கு லாக்டேட் உப்பை நரம்பு வழியாகச் செலுத்தியபோது பலருக்குத் தாக்குதல் வந்தது என்ற ஆய்வு வெளியானது. தசைகள் கடுமையாக உழைக்கும்போதும் லாக்டேட் உருவாகும் என்பதால், இத்தகையோர் உடற்பயிற்சியே செய்யக்கூடாதோ என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. ஆனால் 1998-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 46 பேனிக் நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஓட்டம், ஒன்றுக்குக் குளோமிப்ரமின் என்ற மனநல மாத்திரை, ஒன்றுக்கு வெற்று மாத்திரை என்று பத்து வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஓடியவர்கள் வெற்று மாத்திரைக் குழுவைவிடத் தெளிவாகத் தேறினார்கள். ஆனால் உண்மையான மாத்திரை ஓட்டத்தைவிட விரைவாகவும் கூடுதலாகவும் பலன் தந்தது. ஓட்டக் குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பாதியில் விலகியும் விட்டார். ஓடினால் போதும், மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்று வாட்ஸ்அப்பில் உலவும் செய்திகளை நம்புவோர் இந்தப் பிற்பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிராணாயாமம் குறித்து ஒன்று. நாடிசுத்தி போல மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடும் பயிற்சிகள் நல்லவையே. நடை முடிந்தபின்பும் உறங்கும் முன்பும் செய்யலாம். கபாலபாதி போன்ற வேகமூச்சுப் பயிற்சிகளை இப்போதைக்குத் தவிருங்கள். உட்கார்ந்தபடி வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, நீங்கள் சொன்ன அதே விரல் மரப்பும் தலைசுற்றலும் வரும். நடக்கும்போது தசைகள் அந்த வாயுவை உற்பத்தி செய்துகொண்டே இருப்பதால், மூச்சு வாங்கினாலும் அந்தக் குறைவு ஏற்படுவதில்லை. உங்கள் கணவரின் அக்கறை புரிகிறது. ஆனால் படபடப்பு எட்டிப்பார்க்கும் போதெல்லாம் மூச்சுப் பயிற்சிக்குள் ஒதுங்கிக்கொண்டால், படபடப்பைச் சந்தித்துப் பழக வாய்ப்பே வராது.

மொட்டைமாடி:

தோழி, ரேஸ்கோர்ஸ் கூட்டத்தில் நாலு பேர் பார்க்க மயங்கிவிடுவோமோ என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. அதனால் முதலில் வீட்டு மொட்டை மாடியில் எட்டுப்போட்டு நடந்தேன். துணிச்சல் வந்தபின் தெருவுக்குப் போனேன். காலையில் ஃபில்டர் காபி குடித்த கையோடு நடக்கப் போகாதீர்கள். காபியின் படபடப்பு எது, நடையின் படபடப்பு எது என்று பிரித்தறிய முடியாது. பேனிக் உள்ளவர்களுக்குக் காபி கூடுதலாகவே ஒத்துக்கொள்வதில்லை என்று என் மருத்துவரும் சொன்னார். வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கை இப்போதே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கெடுத் தேதிகளோடு அதுவும் ஒரு கெடுவாகிவிடும்.

பழைய யூனியன்காரர்:

ஒரே ஒரு மாற்றுக் கருத்து. 20-ஆம் தேதி நெருங்கும்போது இரவு பத்து மணி வரை ஒருவரையே உட்காரவைத்து வேலை வாங்கும் அலுவலகம் என்றால், மறுநாள் காலை நடை எவ்வளவுதான் ஈடுகட்டும்? ஊழியர்களுக்கு யோகா வகுப்பு வைத்துவிட்டு, ஆள் சேர்க்காமல் பணிச்சுமையை அப்படியே விட்டுவிடும் நிர்வாகங்களை நிறையப் பார்த்தாயிற்று. நடங்கள் அம்மா, நல்லதுதான். கூடவே ஓர் உதவியாளரையும் எழுத்து மூலம் கேளுங்கள்.

நூற்பாலைக்காரி:

அனைவருக்கும் நன்றி. டிரெட்மில் பரிசோதனையில் துடிப்பு அவ்வளவு ஏறியிருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 158 என்று அச்சாகியிருக்கிறது. யூனியன் ஐயா சொன்னதை மேலாளரிடம் கேட்கும் துணிவு இப்போதைக்கு இல்லை, ஆனால் குறித்துக்கொண்டேன். செவிலி அக்காவிடம் இன்னொரு கேள்வி: சென்ற வாரம் மருத்துவர் புரோப்ரானலால் மாத்திரையும் சேர்த்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாமா?

வார்டு செவிலி:

பொதுவாக நடக்கலாம் சகோதரி. ஆஸ்துமாவோ, குறைந்த இரத்த அழுத்தமோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரை இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் என்பதால், நான் மேலே கொடுத்த எண்கள் இனி உங்களுக்குப் பொருந்தா. அதற்குப் பதிலாகப் பேச்சை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அதுவே மிதமான வேகம். அந்த மாத்திரை உடலில் இருக்கும்போது படபடப்பு முழுமையாக எழாது. ஆகவே படபடப்போடு பழகும் பயிற்சியை எந்த வேளையில் வைத்துக்கொள்வது என்று அடுத்த முறை அவரிடமே கேளுங்கள். நீங்களாகவே திடீரென நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து எடுத்துவந்த புரோப்ரானலாலைச் சட்டென விட்டால் துடிப்பு முன்னைவிட வேகமாக எகிறும்.