இன்ஜினை இறக்கி வேலை பார்ப்பதா, வண்டியையே மாற்றுவதா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

ஏப்ரல் 11, சனிக்கிழமை

அப்பா: அனைவருக்கும் வணக்கம். நேற்று அதிகாலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வானகரம் மீன் மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனபோது, மூலக்கடை மேம்பாலத்தில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. மீனை வேறு வண்டியில் மாற்றி அனுப்பிவிட்டேன், சேதம் எதுவும் இல்லை. ஆனால் தண்டையார்பேட்டை மெக்கானிக் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி நல்லதாக இல்லை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் எரிந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கிறது. கீழே வடித்த ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது. மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் பிடித்து, நகத்தால் தடவினாலே தெரியும் அளவுக்கு சிலிண்டரின் உள்சுவரில் கோடு விழுந்திருக்கிறது. கிராங்க் பேரிங்கும் போய்விட்டது. இன்ஜினை இறக்கி முழு வேலை பார்த்தால் 95,000 ரூபாய் ஆகும், புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் செகண்ட்ஸ் இன்ஜின் வாங்கிப் போட்டால் 80,000 ரூபாய்க்குள் முடியும், ஹெட் இல்லாமல் கீழ்ப்பாகம் மட்டும் வரும் புதிய ஹாஃப் இன்ஜின் போடுவதென்றால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்கிறார். என்ன செய்யலாம் என்று ஒவ்வொருவரும் சொல்லுங்கள்.

அண்ணன்: அப்பா, நான் நினைப்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அது 2014-இல் எடுத்த வண்டி. பன்னிரண்டு வருடம் மீனும் ஐஸும் ஏற்றிய வண்டிக்கு ஒரு லட்சம் செலவழிப்பதைவிட, இருக்கும் நிலையிலேயே விற்றுவிட்டுப் புதிய பிக்கப் எடுப்பதுதான் சரி என்று தோன்றுகிறது. 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. அதோடு, இருட்டில் ஒரு மேம்பாலத்தின் நடுவே நீங்கள் தனியாக நின்றீர்கள் என்பதை நினைத்தால் எனக்கு வேறு கணக்கே ஓடவில்லை.

அம்மா: எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் புது வண்டிக்காக நகையை அடகு வைக்கும் பேச்சு மட்டும் வேண்டாம்.

அத்தை: அண்ணா, வரும் புதன்கிழமை மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் வரும் மீனைப் பெரம்பூர், கொடுங்கையூர் என்று பக்கத்திலேயே விற்றுவிடுவேன், அதற்கு ஒரு குட்டியானை வாடகைக்கு எடுத்தாலே போதும். கேரளாவிலிருந்து வரும் மீன் பெரிய லாரியில் நேராக மார்க்கெட்டுக்கே போய்விடுகிறது. ஆகவே எனக்காக அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். வண்டி ஜூன் நடுவில் ஓடினால் போதும்.

மாமா: மச்சான், 15 வருடம் ஆன வண்டியை எல்லாம் அரசாங்கம் பிடித்து உடைத்துவிடும் என்று எங்கள் ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியானால் மூன்று வருடத்துக்காக ஏன் செலவு செய்ய வேண்டும்?

நான்: மாமா, அது முழுக்கச் சரியான தகவல் இல்லை. பத்து வருட டீசல் வண்டி, பதினைந்து வருட பெட்ரோல் வண்டி என்ற வயது வரம்பு டெல்லிப் பகுதிக்காக வந்தது. 15 வருடத்துக்கு மேல் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் வந்த விதி அரசுத் துறை வண்டிகளுக்கானது. நம்மைப் போன்ற தனியார் சரக்கு வண்டிகளுக்குக் கேள்வி எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) கிடைக்குமா என்பதுதான். எட்டு வருடத்தைத் தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், 15 வருடத்தைத் தாண்டினால் அந்தக் கட்டணம் கூடும். நமக்கு அடுத்த எஃப்.சி. ஆகஸ்டில் வருகிறது.

பெரியப்பா: எல்லோரும் எழுதியதைப் படித்தேன். நீங்கள் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இன்ஜின் கெட்டால் கடையில் வேறு வாங்கலாம். சேஸிஸ் அரித்துப்போனால் வண்டி முடிந்தது, ஏனென்றால் அந்த நம்பரும் அந்தச் சட்டமும்தான் வண்டி. இத்தனை வருடமாக ஐஸ் உருகி மீன் கழுவிய உப்புத் தண்ணீர் அதன் முதுகிலிருந்து அடிவரை ஒழுகியிருக்கிறது, போதாததற்குக் கடற்காற்றிலேயே நிற்கிறது. சேஸிஸ் உளுத்திருந்தால் தங்கத்தில் இன்ஜின் செய்து போட்டாலும் ஆகஸ்டில் எஃப்.சி. கிடைக்காது. தம்பி, நாளை காலை நான் வந்து அடியில் படுத்துப் பார்க்கும்வரை மெக்கானிக்கிடம் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதே.

அப்பா: சரி அண்ணா. வாருங்கள்.

ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: பார்த்துவிட்டேன், படங்களை அனுப்பியிருக்கிறேன். முதல் படத்தில் இருப்பது வலது பக்க நீளச் சட்டம். சிறிய சுத்தியலால் முன்னாலிருந்து பின்னால்வரை ஓர் அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனேன். கேபினுக்குக் கீழும் கியர் பாக்ஸ் பக்கமும் கணீரென்ற சத்தம்தான் வந்தது. பின் ஸ்பிரிங் பட்டை பொருந்தும் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சத்தம் அமுங்கியது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியபோது துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுந்ததே தவிர, முனை உள்ளே இறங்கவில்லை. அடியில் இரும்பு இருக்கிறது. இரண்டாவது படம் பாடியின் குறுக்குச் சட்டங்கள். அவற்றில் இரண்டு போய்விட்டன, ஆனால் அவை பாடியைச் சேர்ந்தவை, மாற்றிக்கொள்ளலாம். இடது பக்கச் சட்டத்தில் குறை எதுவும் இல்லை. பிராக்கெட் பக்கம் பிளேட் வைத்து வெல்டிங் செய்யவும், குறுக்குச் சட்டங்களை மாற்றவும் 14,000 ரூபாய் என்று பட்டறையில் கேட்டு வந்தேன். ஆகவே இந்த வண்டிக்குச் செலவு செய்யலாம் என்பது என் கருத்து.

அண்ணன்: நீங்கள் பார்த்துச் சொன்னால் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பெரியப்பா. ஆனால் வேலை பார்த்த இன்ஜின் மறுபடியும் அதேபோல் சூடேறாது என்பதற்கு என்ன உறுதி இருக்கிறது?

பெரியப்பா: நீ கேட்பதுதான் அடுத்த கேள்வி, தம்பி. இன்ஜின் ஏன் போனது என்று தெரியாமல் இன்ஜின் போடக் கூடாது. ரேடியேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உப்புக்காற்றில் ஃபின்கள் பொடிந்து கையோடு வருகின்றன. உள்ளே குழாய் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு கட்டியிருக்கிறது. கூலன்ட் குறையும்போதெல்லாம் வழியில் கிடைத்த போர்வெல் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் போர் தண்ணீர் எந்த அளவுக்கு உப்பு என்று உங்களுக்கே தெரியும். அதைக் கொதிக்கக் கொதிக்க ஓடவிட்டால் படிவு கட்டாமல் என்ன செய்யும்? ஆகவே இன்ஜினோடு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். அதற்குச் சுமார் 18,000 ரூபாய். எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் செய்துவிட வேண்டும், அதற்கு 6,000 ரூபாய் ஒதுக்குங்கள். இதில் மிச்சம் பிடித்தால் போட்ட ஒரு லட்சமும் போய்விடும்.

மாமா: அப்படியானால் இன்ஜினில் மிச்சம் பிடிக்கலாமே. புதுப்பேட்டையில் நல்ல ஓட்டத்தில் இருந்த இன்ஜின் கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவர் அப்படி மாற்றி இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பா: கிடைக்கும், மாப்பிள்ளை, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தரையில் கிடக்கும் இன்ஜினின் கம்ப்ரஷனை எப்படிப் பார்ப்பீர்கள்? ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா, அதாவது உள்ளிருந்து புகையும் காற்றும் மேலே தள்ளுகிறதா என்று பார்க்க விடுகிற கடையாக இருந்தால் வாங்கலாம். வெளியே பெயின்ட் அடித்து வைத்திருப்பதை நம்பி வாங்கினால், உள்ளே இருப்பது நம் இன்ஜினைவிட மோசமாக இருந்தாலும் கேட்க ஆள் இல்லை.

நான்: ஆவணச் சிக்கலும் இருக்கிறது. இன்ஜின் எண், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும், அதே எண் நம் ஆர்.சி.யிலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, இன்ஜினை மாற்றினால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். முன் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்தாக வேண்டும். பழைய இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தானதா என்பதற்குக் கடைக்காரர் காகிதம் தராவிட்டால், அது திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. நாளைக்கு ஒரு விபத்து என்றால் எண் பொருந்தவில்லை என்று காப்பீட்டிலும் தகராறு வரும். நம் பிளாக்கையே வைத்து வேலை பார்த்தால் எண் மாறாது, இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

அத்தை: அவள் சொல்வது சரி. 15,000 ரூபாய் மிச்சத்துக்காக அந்தத் தலைவலி வேண்டாம்.

அண்ணன்: ஆனால் எல்லாம் சேர்த்தால் 1,33,000 ரூபாய் ஆகிவிடுகிறதே! அதை அப்படியே புது வண்டிக்கு முன்பணமாகக் கொடுக்கலாம் என்பதுதான் என் வாதம்.

நான்: அண்ணா, நேற்று இரவு அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். புது பிக்கப் எல்லாச் செலவும் சேர்த்து ஒன்பதரை லட்சம் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். எட்டு லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,400 ரூபாய். கடன் இருக்கும்வரை முழுக் காப்பீடும் கட்டாயம். இப்போது எடுத்தால் மே, ஜூன் தவணைகளை லோடே இல்லாத தடைக்காலத்தில் கட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு வருடமும் அந்த இரண்டு மாதம் வரும். பழைய வண்டிக்கு நாம் போடும் மொத்தப் பணமும் ஏழு, எட்டு மாதத் தவணைக்குச் சமம். பெரிய செலவு இல்லாமல் அதற்கு மேல் எத்தனை மாதம் ஓடினாலும் நமக்கு லாபம்தான். கெட்ட நிலையில் விற்றால் 85,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். ஓடும் நிலையில் இதே வண்டி 2,40,000 ரூபாய்க்குப் போகும்.

பெரியப்பா: விற்கும் விலையை வைத்து முடிவெடுக்காதே, அம்மா. வண்டியை நாம் விற்பதற்காகச் சரி செய்யவில்லை, சம்பாதிப்பதற்காகச் செய்கிறோம். தவணைக் கணக்கு மட்டும் போதும், அது சரியாகவே இருக்கிறது.

அண்ணன்: தடைக்காலத் தவணையை நான் யோசித்துப் பார்க்கவில்லை என்பது உண்மை. சரி, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. லேத் பட்டறையில் சோதித்துவிட்டு பிளாக்கில் விரிசல் இருப்பதாகச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வண்டியை விற்றுவிட வேண்டும், அதற்குப் பிறகு பாசம் பார்க்கக் கூடாது. சரியாகி ஓடத் தொடங்கினால், தடைக்காலம் தவிர்த்து மற்ற மாதங்களில் 6,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்து, அடுத்த முறை கடனைக் குறைத்துப் புது வண்டி வாங்க வேண்டும். நீங்கள் இந்த வண்டியை விடாமல் இன்னும் பத்து வருடம் ஓட்டுவதை நான் பார்க்க விரும்பவில்லை, அப்பா.

அப்பா: இரண்டையும் ஏற்றுக்கொள்கிறேன். உன் தங்கையிடமே அந்த மாதப் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன், அவள் கணக்கு வைத்துக்கொள்ளட்டும்.

அத்தை: அண்ணா, நான் 30,000 ரூபாய் தருகிறேன். ஜூனுக்குப் பிறகு லோடு வாடகையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம். வட்டிப் பேச்சை எடுக்காதீர்கள்.

அம்மா: என் சீட்டுப் பணம் அடுத்த வாரம் வருகிறது, 60,000 ரூபாய். மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தான், நீங்கள் கூட இருந்து வேலையைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பெரியப்பா: இருப்பேன், அம்மா. நாளை பிளாக்கையும் ஹெட்டையும் லேத்தில் இறக்கிவிடுகிறோம். செவ்வாய்க்கிழமை சித்திரை முதல் நாள், லேத் திறந்திருக்காது.

ஏப்ரல் 16, வியாழக்கிழமை

பெரியப்பா: லேத்திலிருந்து இப்போதுதான் வருகிறோம். பிளாக்கையும் ஹெட்டையும் அடைத்துக் காற்று ஏற்றித் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். இரண்டிலும் ஒரு குமிழிகூட வரவில்லை, விரிசல் இல்லை. ஹெட் கொஞ்சம் வளைந்திருக்கிறது, ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நடுவில் இடைவெளி அளக்கும் மெல்லிய ஃபீலர் கேஜ் நுழைகிறது. அளவுக்குள் இருப்பதால் ஒரு சீவல் சீவினால் சரியாகிவிடும். சிலிண்டரின் உள்துளை இதுவரை ஸ்டாண்டர்டு அளவிலேயே இருக்கிறது, ஆகவே 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுவிடலாம். கிராங்க்கையும் கிரைண்டிங் செய்து ஒரு அளவு குறைத்த பேரிங் போடுகிறோம். வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டேன்.

அப்பா: மே முதல் வாரத்தில் வண்டி தயாராகிவிடும் என்கிறார் மெக்கானிக். முதல் ஆயிரம் கிலோமீட்டர் முழுப் பாரம் ஏற்றாமல், வேகம் பிடிக்காமல் ஓட்ட வேண்டும், பிறகு ஆயில் மாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். தடைக்காலத்தில் ஃபைபர் படகு மீனை அரை லோடாக எடுத்துச் சென்று ரன்னிங்-இன் முடித்துக்கொள்கிறேன்.

அத்தை: அப்படியானால் வாடகை வண்டியை மே முதல் வாரம்வரைக்கும் மட்டும் சொல்லிவைக்கிறேன். பாடி வெல்டிங் செய்யும்போதே பின்பக்கம் ஒரு வடிகால் குழாய் வைத்துவிடச் சொல்லுங்கள், ஐஸ் தண்ணீர் சேஸிஸில் படாமல் வெளியே போகட்டும்.

பெரியப்பா: நல்ல யோசனை, அதை வெல்டரிடம் சொல்லிவிடுகிறேன். குழாய் வாய் ஸ்பிரிங் பட்டைக்குப் பின்னால் முடிய வேண்டும், அளவை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

நான்: எல்லா பில்களையும் படம் எடுத்து இந்தக் குழுவிலேயே போடுங்கள், அப்பா. ஆகஸ்டு எஃப்.சி.க்கும் பிஸ்டன், ரேடியேட்டர் வாரண்டிக்கும் தேவைப்படும்.